கண்ணு வலிக்கு மருந்து

பரிபூரணத்துக்கு வாய் ஓயாது. குறையாகச் சொல்லவில்லை, அவளுடைய பிழைப்பே அதில்தான் இருந்தது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டாக்டர் வெங்கடேஸ்வரியின் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷத்து வேலை. கண் காட்ட வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, சொட்டு மருந்து விட்டு டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. சொட்டு மருந்து விடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளாத ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பரிபூரணம் அவர்களிடம், "மூத்தவள எங்க குடுத்திருக்கீய?" என்று ஒரு கேள்வியைப் போடுவாள். மருமகன் லட்சணத்தை எடுத்துச் சொல்ல அவர்கள் வாயைத் திறக்கிற வேகத்தில் கண்ணும் தானாகத் திறந்துகொள்ளும். சொட்டு உள்ளே விழுந்துவிடும்.

அப்படிப்பட்டவளிடம் போய், இரண்டாயிரத்து இருபதாம் வருஷம் வாயை மூடு என்றது.

கண் டாக்டர் தொழிலில் தள்ளி நின்று பார்க்க வழியே இல்லை. ஸ்லிட் லாம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. இந்தப் பக்கம் நோயாளி தாடையை வைக்க, அந்தப் பக்கம் டாக்டர் கண்ணை வைக்க, இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. எதிரே இருப்பவர் காலையில் தின்றது வெங்காயச் சட்னியா பூண்டுச் சட்னியா என்பதுவரை டாக்டருக்குத் தெரிந்துவிடும். கொரோனாவுக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கப்போகிறது? ஊரடங்கு போட்ட புதிதில் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று மறுபடி திறந்தபோது இடமே அடையாளம் தெரியவில்லை. அறுபது நாற்காலியில் எட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். வாசலில் நெற்றிக்குக் குறிபார்க்கும் காய்ச்சல் துப்பாக்கி வந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு வேனில் ஆள் கூட்டிவருகிற கேம்ப் நின்றுபோனது.

ஸ்லிட் லாம்ப்பின் நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்க, தடுப்புக்கு எங்கே போவது? பரிபூரணத்தின் வீட்டுக்காரர் வைகுண்டராஜ் மில்லில் எலெக்ட்ரீசியன். முன்னொரு நாள் முட்டி உடைந்தபோது எடுத்த எக்ஸ்ரே பிலிமை அவர் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்தேய் என்று தேய்த்து, எலும்பெல்லாம் கழன்றுபோன பிறகு வட்டமாகத் துளை வெட்டிக் கருவியில் மாட்டிவிட்டார். தன் புருஷன் முட்டிதான் டாக்டரம்மாவைக் காப்பாற்றுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லப் பரிபூரணத்துக்கு நாக்குத் துடித்தது. சொல்ல முடியவில்லை. ஏனென்றால் தடுப்புக்கு மேலேயே டாக்டரம்மா ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: "இங்கே பேசக் கூடாது."

பேச்சில்தான் எச்சில் தெறிக்கும், எச்சிலில்தான் கிருமி வரும் என்பது டாக்டர்களுக்கு வந்த உத்தரவு. நோயாளி பேசக் கூடாது, டாக்டர் பேசக் கூடாது. "முக்கியமா நீ, பரிபூரணம்," என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார்.

மாஸ்க்குக்குள் வாயை வைத்துக்கொண்டு பரிபூரணம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மேலே பார், கீழே பார் என்பதற்கெல்லாம் கையை ஆட்டினாள். இடது கண்ணை மூடு என்று அவள் சைகை காட்டினால் பதிலுக்கு அவர்கள் கும்பிடு போட்டார்கள். நோயாளி மாஸ்க் போட்டு மூச்சு விட்டால் சோதனைக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. "எழுத்தே தெரியலயே, பனி பெய்யுது சிஸ்டர்," என்று முறையிட்டவர்களுக்கெல்லாம் மாஸ்க்கின் மேல் ஓரத்தை மூக்கோடு சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். பகல் முழுக்க அடக்கிவைத்த பேச்சையெல்லாம் மூட்டைகட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வீட்டில் அவிழ்த்தாள். வைகுண்டராஜ் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். "ஏட்டி, ஆஸ்பத்திரில மிச்சம் வச்சதெல்லாம் என் தலையிலயா?" என்று கேட்டுவிட்டார்.

அவருக்கும் விடிவு பிறந்தது. பஸ் ஓடாததால் சுந்தரபாண்டியத்திலிருந்தும் சேத்தூரிலிருந்தும் ஆள் வர வழியில்லை. வர முடியாதவர்கள் போன் பண்ணட்டும், பரிபூரணம் கேட்டு நோட்டில் எழுதட்டும், அதைப் பார்த்து நான் மருந்து சொல்கிறேன் என்று டாக்டரம்மா ஏற்பாடு செய்தார். மருந்து மாத்திரை வைக்கிற பின்னறையில் தனி மேஜை, தனி போன். அங்கே அவள் எவ்வளவு பேசினாலும் எச்சில் சுவரில்தான் தெறிக்கும். "மூணே கேள்விதான். பேரும் ஊரும், என்ன செய்யுது, பார்வை எப்படி இருக்கு. அதோட வச்சிரணும்," என்றார் டாக்டரம்மா. பரிபூரணம் தலையை நன்றாக ஆட்டினாள்.

அவள் முப்பது கேள்வி கேட்டாள். கஞ்சியா சோறா, கரண்டு இருக்கா, பேரன் ஆன்லைன் வகுப்புக்கு யார் போனைப் பிடுங்குகிறான் என்பதுவரை வந்துதான் கண்ணுக்கே வருவாள். கிட்டப் பார்வையைச் சோதிக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினசரி காலண்டர் இல்லாத வீடு கிடையாது. அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் ராசிபலனைக் கையில் பிடித்து வாசிக்கச் சொன்னாள். எத்தனை வரி வாசிக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்வையை எழுதினாள். இதில் ஒரு தொல்லை, எல்லாரும் தங்கள் ராசியை மட்டும் வாசித்துவிட்டு, "விரயம்னு போட்டுருக்கே சிஸ்டர், என்னத்த விரயம் பண்ண இருக்கு?" என்று அவளிடமே விளக்கம் கேட்டார்கள். அவளும் சளைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் வந்த டாக்டரம்மா, "இது கண்ணாஸ்பத்திரி, ஜோசியக் கடை இல்ல," என்று முறைத்துவிட்டுப் போவார்.

நோட்டில் அவள் ஒரு சுருக்கெழுத்து வைத்திருந்தாள்: "க.வ." கண்ணு வலி. நம் பக்கத்தில் கண்ணு வலி என்றால் கண் வலிப்பது என்று அர்த்தமில்லை. அது ஒரு நோயின் பேர். கண் சிவந்து, பீளை கட்டி, வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்கிற மெட்ராஸ் ஐதான் கண்ணு வலி. கொரோனா வந்தவர்களில் சிலருக்கும் கண் சிவக்கிறது என்று அப்போது பேச்சு இருந்ததால், "க.வ.ன்னா சொட்டு மருந்து பேரைச் சொல்லிட்டு, தனியா இருக்கச் சொல்லிரு, இங்க வர வேண்டாம்," என்று டாக்டரம்மா நிலையான உத்தரவே போட்டிருந்தார். ஒரு நாளைக்குப் பத்துக் க.வ. என்பது சாதாரணம்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு முதல் போன். அந்தப் பக்கம் ஒரே கரகரப்பு.

"சேத்தூர்லேருந்து சுடலையம்மா பேசுதேன். கண்ணு வலிக்கு மருந்து சொல்லுங்க சிஸ்டர்."

"செவந்திருக்கா அக்கா?"

"செவந்துதான் கெடக்கு."

"தண்ணி வடியுதா?"

"வடியுது."

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணுமா?"

"எனக்கு இருக்கதே ஒரு கண்ணுதான். வலது."

இந்த இடத்தில் பரிபூரணம் நின்றிருக்க வேண்டும். பார்வை எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மூன்றாவது கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அய்யோ, இடது கண்ணுக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். ஏழு வயதில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் கருவேல முள் குத்தியது. அன்றைக்குக் கூடப் போனது அக்கா பேச்சியம்மாள். அவள்தான் முள்ளைப் பிடுங்கினாள். அதிலிருந்து பேச்சு சுடலையம்மாளின் வேலைக்குப் போனது. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துப் பாக்கெட் போடுகிறாள், இருக்கிற ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இரண்டு கண் உள்ளவளைவிட வேகமாக. இப்போது அதுவும் போச்சு, தெருவில் இரண்டு பேருக்குக் கொரோனா என்று தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். தெருக்குழாய் வேறு தன் வீட்டு வாசலிலேயே இருப்பதால் விடிந்தும் விடியாமலும் குடச்சத்தம்.

"காலைல குடிச்ச கஞ்சிகூடத் தங்கல சிஸ்டர், வாந்தியாப் போச்சு," என்று கடைசியில் சொன்னாள்.

கண் சிவப்பு, வாந்தி, தகரம் அடைத்த தெரு. பரிபூரணம் தனக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுப் பயந்தே போனாள். "அக்கா, சொட்டு மருந்து பேரு சொல்றேன், யாரையாவது விட்டு வாங்கிக்கோங்க. ஆனா கதவச் சாத்திக்கிட்டு தனியா இருங்க. யாரு வந்தாலும் தெறக்காதீய. நாலு நாள் கழிச்சுப் பேசுங்க," என்றாள். நோட்டில் எழுதினாள்: சுடலையம்மாள், 58, சேத்தூர், வலது, க.வ.

அதன்பிறகு பதினோரு போன் வந்தது. பதினோரு மணிக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து தனுஷ்கோடி என்று விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி கூப்பிட்டார். குரலிலேயே கோபம் தெரிந்தது.

"கண்ணு வலிக்கு."

"மருந்து சொல்றேன் அண்ணாச்சி, எழுதிக்கிடுதீயளா?"

"மருந்தா கேட்டேன்? கண்ணு வலிக்குங்கேன்."

"அதான் அண்ணாச்சி, கண்ணு வலிக்கு மருந்துதான்..."

"ஏம்மா, ஒனக்குத் தமிழ் தெரியாதா? கண்ணு வலி இல்ல. கண்ணு வலிக்கு. குத்துது, கொடையுது, வலிக்கு. பால் கறக்கையில மாடு வாலச் சொழட்டி அடிச்சுட்டு."

பரிபூரணத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் பிறந்ததும் வாழ்வதும் இதே பேச்சில்தான். "வலிக்கிறது" என்று முழுசாகச் சொல்ல இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? காலு வலிக்கு, தலை வலிக்கு, கண்ணு வலிக்கு. சிரித்துக்கொண்டே நோட்டில் "மாட்டு வால், வலிக்கு" என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது.

கண்ணு வலிக்கு மருந்து சொல்லுங்க சிஸ்டர். காலையில் அந்த அம்மாள் சொன்னது எது? கண்ணு வலிக்கு மருந்து என்றா? கண்ணு வலிக்கு, மருந்து சொல்லுங்க என்றா? பேப்பரில் எழுதினால் நடுவே ஒரு கால்புள்ளி போடலாம். கரகரக்கிற போனில் கால்புள்ளி எங்கே கேட்கும்?

வலிக்கிற கண். சிவப்பு. கூடவே வாந்தி. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிக் கண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை அவள் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போயிருக்கிறாள். கண்ணுக்குள் ஓடுகிற நீர் வெளியேறும் வழி திடீரென்று அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். மண்டையைப் பிளக்கும் வலியும் வாந்தியும் வரும், பார்வை புகைமூட்டமாகும், விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரியும். ஒரு நாள் இரண்டு நாள் விட்டால் நரம்பு செத்துப்போகும், பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. சுடலையம்மாளுக்கோ இருப்பது ஒரே கண். அதையும் கதவைச் சாத்திக்கொண்டு வைத்திரு என்று சொல்லியிருக்கிறாள் இந்தப் புத்திசாலி.

மாட்டு வால்காரரை உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டு, காலையில் வந்த எண்ணுக்கு அடித்தாள். அது பக்கத்து வீட்டுக்காரர் போன். "தள்ளி வயல்ல நிக்கேன், தண்ணி பாச்சிட்டு சாயங்காலம்தான் வேலிப்பக்கம் வருவேன். தெருவ அடைக்க முந்தியே நான் மோட்டார் ரூமுக்கு வந்துட்டேன். காலைல வீட்டுக்குப் பின்னால அந்த வேலிக்கு வந்து போனை வாங்கிப் பேசிட்டுப் போச்சு அந்தம்மா," என்றார் அவர். அந்தத் தெருவில் வேறு யார் எண்ணும் அவருக்குத் தெரியாது.

பரிபூரணம் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். அவர் ஸ்லிட் லாம்ப்பில் குனிந்திருந்தார். பேசக் கூடாது என்ற காகிதத்தின் முன்னாலேயே நின்று முழுசையும் கொட்டினாள்.

"ஏமைந்தி? என்ன ஆச்சு?" என்று நிமிர்ந்தார் டாக்டரம்மா. பதற்றம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் முதலில் வரும். கேட்டு முடித்தபின் நோட்டில் க.வ. என்றிருந்ததையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரிபூரணத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பார்வை எப்படின்னு கேட்டியா?"

"கேக்கல மேடம். முள்ளு குத்தின கதையக் கேட்டுட்டு விட்டுட்டேன்."

ஆம்புலன்ஸுக்கு அடித்தார்கள். எல்லா வண்டியும் கொரோனாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மாலை ஆகும் என்றார்கள். டாக்டரம்மா சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நீலக் கவச உடையை எடுத்துப் பரிபூரணத்தின் கையில் கொடுத்தார். "அடைச்ச தெரு. இதைப் போடாம போகாதே. ஒரு மணிக்குள்ள அந்தம்மா இங்க இருக்கணும்."

ஆடி வெயிலில், தலையிலிருந்து பாதம்வரை பிளாஸ்டிக் உடை, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, இதோடு தன் டி.வி.எஸ். ஐம்பதில் பரிபூரணம் தென்காசி ரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். உள்ளே வேர்வை ஊற்றியது. ஏசப்பா, அந்தக் கண்ணை மட்டும் விட்டு வை, இனி நான் யாரிடமும் மூத்தவளை எங்கே கொடுத்திருக்கிறாய் என்று கேட்கமாட்டேன் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனாள். நிறைவேற்ற முடியாத நேர்த்திக்கடன் என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் சொன்னாள்.

தகரத்தடுப்பில் நின்ற போலீஸ்காரர் அவளைப் பெரிய அதிகாரி என்று நினைத்து விறைப்பாகச் சல்யூட் வைத்தார். அவளும் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் தெரு அவளைப் பார்த்த விதம் வேறு. நீல உடையைக் கண்டதும் வரிசையாகக் கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொண்டன. கோழி ஒன்றுதான் வெளியே நின்றது. சுடலையம்மாள் வீடு எது என்று கோழியிடமா கேட்க முடியும்?

அப்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது. தெருக்குழாய் என் வீட்டு வாசலில்தான், குடச்சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று காலையில் அந்த அம்மாள் புலம்பினாளே. தெரு முனையில் குழாய் தெரிந்தது. அதற்கு எதிரே பச்சைக் கதவு. தட்டினாள்.

"யாரு?"

"கண்ணாஸ்பத்திரி, அக்கா. கதவத் தெறங்க."

"எனக்குக் கொரோனா இல்ல. போயிருங்க."

"கொரோனாவுக்கு வரல அக்கா. காலைல பேசினேன்ல, பரிபூரணம்."

தாழ்ப்பாள் இன்னும் இறுகியது. பிறகு, "யாரு வந்தாலும் தெறக்கக் கூடாதுன்னு அந்த சிஸ்டருதான் சொல்லிருக்காவ," என்று பதில் வந்தது.

"அது நான்தான்."

"அவிய கொரலு இப்படி இருக்காது. அவிய நல்லா இழுத்து இழுத்து, சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாவ. நீ என்னமோ பானைக்குள்ள இருந்து பேசுத."

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கண்ணாடித் தடுப்பு குறுக்கே நின்றது. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க், அதற்கு மேல் தடுப்பு, பயத்தில் வறண்ட தொண்டை. தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை. மணி பன்னிரண்டே கால். பரிபூரணம் வாசற்படியில் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள்.

"கருவேல முள்ளு குத்தினப்ப ஒங்களுக்கு வயசு ஏழு. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனீய. கூட வந்தது ஒங்க அக்கா பேச்சியம்மா. அவியதான் முள்ளப் பிடுங்குனாவ. பேண்டேஜ் கம்பெனில ரெண்டு கண்ணு உள்ளவள விட நீங்க வெரசா மடிப்பீய. இந்தக் குழாய்ச் சத்தத்துல ஒரு நாளாவது ஒழுங்காத் தூங்கியிருக்கீயளா? இதெல்லாம் கொரோனாக்காரனுக்குத் தெரியுமா அக்கா?"

தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது.

"தப்பு எம்மேலதான் அக்கா. கண்ணு வலிக்குன்னு நீங்க சொன்னீய. நான் கண்ணு வலின்னு எழுதிட்டேன். ஒங்களுக்கு மெட்ராஸ் ஐ இல்ல. விளக்கப் பாத்தா சுத்தி வட்டமாத் தெரியுதா?"

"நேத்து சாயங்காலம் தெரிஞ்சுச்சு, வானவில்லு கணக்கா. இப்ப விளக்கே தெரியல. ஒரே பொகையா இருக்கு. நீ நிக்கியா உக்காந்திருக்கியான்னுகூடத் தெரியல," என்றாள் சுடலையம்மாள். சேலை முந்தானையைக் கண்ணில் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தாள். அந்தக் காட்சியைப் பார்த்துப் பரிபூரணத்துக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணாடித் தடுப்பில் ஆவி படிந்துவிடும், வண்டி ஓட்ட முடியாது என்பதற்காகவே அடக்கிக்கொண்டாள்.

டி.வி.எஸ்.ஸின் பின்னால் சுடலையம்மாளை உட்காரவைத்து, இரண்டு மாஸ்க் மாட்டிவிட்டு, தன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஆறடி இடைவெளி என்று நாலு மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தடுப்பில் அதே போலீஸ்காரர் மறுபடி விறைப்பாக நின்றார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வண்டி நின்றது.

அன்று டாக்டரம்மா தனி அறையில் வைத்து ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தார். ஐம்பதைத் தாண்டியிருந்த கண் அழுத்தம் நாலு மணிக்கு முப்பது, ஆறு மணிக்குப் பதினெட்டு, அதாவது சாதாரண அளவு. ஆறு மணிக்குச் சுடலையம்மாள், "சோறு இருக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் பரிபூரணம் காலையிலிருந்து தானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தாள். மறுநாள் காலையில் லேசர் வைத்துக் கண்ணுக்குள் ஊசிமுனை அளவு துளை போட்டார்கள். இனி அடைப்பு வந்தாலும் நீர் அந்த வழியாகப் போய்விடும். பார்வை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கண்ணை மூடியிருந்த பஞ்சை எடுத்தார்கள். பரிபூரணம் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துவந்து சுடலையம்மாள் கையில் கொடுத்தாள். பழைய கிட்டப்பார்வைக் கண்ணாடி ஒன்றையும் மாட்டிவிட்டாள். சுடலையம்மாள் தாளைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள். டாக்டரம்மாவும் கிட்டே வந்து நின்றார்.

"சிம்மம்," என்று எழுத்துக் கூட்டினாள். "சி... சிரமம்." தாளை மடியில் வைத்தாள். "என்னம்மா, நான் கண்ணு தெரிஞ்சு மொத மொத வாசிக்கேன், இப்படியா போட்டுருக்கான்?"

டாக்டரம்மா சிரித்த சத்தம் வெளியே எட்டு நாற்காலிக்கும் கேட்டது. காலண்டர்காரன் பலனைப் பற்றி அவருக்கு என்ன கவலை, பொடி எழுத்தையே வாசித்தாயிற்று.

அன்றைக்கே பின்னறை மேஜைக்கு மேலே ஒரு புதுக் காகிதம் வந்தது: "கண்ணு வலியா? கண்ணு வலிக்கா? கேட்டு எழுதவும்." போன் பண்ணியவர்களுக்கு இந்தக் கேள்வி பெரிய தலைவேதனை. என்ன சிஸ்டர் ஒண்ணையே ரெண்டு தடவை கேக்கீய என்று அலுத்துக்கொண்டார்கள். முப்பது கேள்வி விஷயத்தை டாக்டரம்மா பிறகு எடுக்கவே இல்லை. ஒரு தடவை மட்டும், போகிற போக்கில், "முப்பதும் கேளு பரிபூரணம். ஆனா மொதல்ல பார்வையக் கேட்டுரு, பொறவு மத்ததக் கேளு," என்றார். அவர் வாயிலிருந்து நம் பக்கத்துப் 'பொறவு' வந்ததைப் பரிபூரணம் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சேத்தூரிலிருந்து ஒரு கட்டு துணி மாஸ்க் வந்தது. பேண்டேஜ் துணியை நாலாக மடித்து ஓரம் அடித்திருந்தார்கள். ஒன்றுகூடக் கோணலில்லை.

அதற்குப் பிறகும் சுடலையம்மாள் மூன்று தடவை வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் பரிபூரணம் மாஸ்க்கும் தடுப்பும் போட்டபடிதான் இருந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று ஆனது. மொட்டை மாடி நாற்காலிகள் வெயிலில் வெளுத்துக் கீழே இறங்கின. பஸ்ஸில் கூட்டம் பழையபடி நசுக்கியது. வைகுண்டராஜின் முட்டி மட்டும் ஸ்லிட் லாம்ப்பில் அப்படியே இருக்கிறது, டாக்டரம்மா அதைக் கழற்றவிடவில்லை. அந்த மாதம் சுடலையம்மாள் தன் தேதிக்குத் தவறாமல் வந்து எழுத்துப் பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

பரிபூரணத்துக்கு ஒரு குறும்பு தோன்றியது. வாயைத் திறக்காமல், பழைய காலம் மாதிரி கையால் மட்டும் பலகையைக் காட்டினாள். சுடலையம்மாள் கடைசிக்கு முந்தின வரிவரை தங்குதடையில்லாமல் வாசித்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"பரிபூரணம் சிஸ்டர் லீவா? ஒன்னப் புதுசா சேத்திருக்காவளா?" என்று கேட்டாள். பதில் வராததால், "பாவம், பேச்சு வராதோ?" என்றாள்.

இதற்கு மேல் யாரால் பொறுக்க முடியும்? "எனக்கா பேச்சு வராது?" என்றாள் பரிபூரணம்.

சுடலையம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கிட்ட வந்தாள், இன்னும் கிட்ட வந்தாள். நெற்றி, மூக்கு, தாடை, பல் என்று அந்த ஒற்றைக் கண் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"இதுதானா மூஞ்சி," என்றாள். "நான் ஒல்லியா, செவப்பா நெனச்சு வச்சிருந்தேன்."

"ஏமாந்துட்டீயளாக்கும்?"

"சும்மா இரு, பாக்கட்டும்."

அழுத்தம் பார்க்குமுன் கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட வேண்டும். பரிபூரணம் பாட்டிலை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில், "மூத்தவள எங்க..." என்று ஆரம்பித்தாள். கேள்விக்குத் தேவையே இருக்கவில்லை. சுடலையம்மாளின் கண் அகலத் திறந்திருந்தது, மூடுகிற உத்தேசமே அதற்கு இல்லை.

"நான் ஒன்னப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்," என்றாள். "நீ மருந்த விடு தாயி."